இடப் பக்கம் ஒரு சுற்று

மன்னார்த் தீவில் பேசாலையில் 1949 மார்ச் 19ஆம் திகதி பிறந்த நீக்கிலாஸ், 1968 மே மாதம் மன்னார் பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார். 1984 ஜனவரியில் விலகும்போது பதினைந்து வருடமும் எட்டு மாதமும் ஆகியிருந்தன. அத்தனை காலமும் பஸ்களின் முன்பக்கம் மட்டுமே அவருடைய பொறுப்பு. சில்லுகள் நேராக நிற்கின்றனவா, ஸ்ரியறிங்கை விட்டால் வண்டி எந்தப் பக்கம் போகிறது, ரயர் எந்த ஓரத்தில் தேய்கிறது என்பவற்றைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பஸ் வரும்போதே, "இதின்ரை வலப் பக்கக் கிங்பின் போச்சுது" என்பார்; சில்லு எதில் திரும்புகிறதோ அந்த ஆணிதான் கிங்பின். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பாரிசுக்கு வந்த பிறகு அதை அவரிடம் கேட்க ஆளில்லை. உணவகத்தில் பதினான்கு மாதம் கோப்பை கழுவினார். 1985 செப்டெம்பரில் பாரிசின் ஓரத்தில் ஒபர்வில்லியேயில் ராதாகிருஷ்ணனின் கராஜில் இடம் கிடைத்தது. ராதாகிருஷ்ணன் காரைக்கால்காரர். 1955இல் பிரெஞ்சுப் படையோடு வந்து, படையின் வாகனப் பட்டறையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் இரண்டு மொத்தக் கடைக் கிடங்குகளுக்கு நடுவே கராஜ் போட்டவர். நீக்கிலாசுக்கு அங்கே ரயர் மாற்றுவதும் எண்ணெய் மாற்றுவதும் தரை கூட்டுவதும்தான் வேலை. முன்பக்க வேலையை முதலாளி வேறு எவரையும் தொட விடமாட்டார். ஆனால் 1987இல் அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. காருக்கு அடியில் வேலை செய்யும் குழிக்குள் இறங்கினால் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அந்த வருடம் மே 12, செவ்வாய்க்கிழமை, ஜிஸ்லேன் என்ற பெண் தன் காரைக் கொண்டுவந்தாள். நாற்பத்துநான்கு வயது, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். கார் 1934ஆம் ஆண்டின் அமெரிக்க ஃபோர்ட். ஒரு பண்ணைக் கொட்டிலில் கோழி அடைந்து கிடந்ததை வாங்கி, ஆறு வருடமாகத் தன் கையாலேயே கட்டியிருந்தாள். கூரையை வெட்டித் தாழ்த்தி, எட்டு சிலிண்டர் எஞ்சின் ஏற்றி, பின்னால் அகலமான பெரிய ரயரும் முன்னால் மெல்லிய சின்ன ரயரும் பூட்டி, முன்பக்கம் மண்ணை மோந்து பார்ப்பதுபோல நிறுத்தியிருந்தாள். இப்படி மாற்றிக் கட்டிய காரை ஹொட் ரொட் என்பார்கள். பார்க்க அழகுதான். எழுபது கிலோமீற்றர் வேகம் வந்ததும் முன்சில்லுகள் இரண்டும் வெறிபிடித்தவைபோல ஆடின. ஜூன் 5ஆம் திகதி அரசாங்கப் பரிசோதகர் அதை ஓட்டிப் பார்ப்பார். அவர் ஒப்புக்கொண்டால்தான் காருக்குப் பதிவு. தவறினால் அடுத்த தவணை செப்டெம்பரில்.

முதலாளி காரைச் சுற்றி நடந்தார். முழங்காலைத் தடவினார். குழியைப் பார்த்தார். பிறகு நீக்கிலாசைப் பார்த்தார்.

"என்னா நிக்கோலா, பஸ்ஸுல முன்பக்கம் பார்த்தேன் பார்த்தேன்னு ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டு இருக்கியே. பாரு. இந்த வண்டி நேரா ஓடிச்சுன்னா இனிமே இந்தக் கராஜ்ல முன்பக்கம் உன்னோடது. வேலைப் பத்திரத்துலயும் மெக்கானிக்னு எழுதிடுறேன். ஓடலைன்னா விளக்குமாறு அங்கயே இருக்கு."

"ஓம் முதலாளி," என்றார் நீக்கிலாஸ்.

அவர் செய்த முதல் வேலை, காரைத் தொடாமல் முன்னால் குந்தியிருந்து அரைமணி நேரம் பார்த்தது. சைக்கிளின் முன்சில்லைப் பிடிக்கும் கவை செங்குத்தாக நிற்பதில்லை. மேற்பக்கம் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேரே போகிறது. காரிலும் சில்லைத் திருப்பும் கிங்பின் அப்படியே சாய்ந்திருக்க வேண்டும். ஜிஸ்லேன் பின்னால் பெரிய ரயரைப் பூட்டி முன்னால் தாழ்த்தியபோது முழுக் காரும் மூக்குக் குத்தி, அந்தச் சாய்வு பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தது. அளந்தபோது மூன்று டிகிரிதான் மிச்சம். கிங்பின்னைச் சுற்றிய புஷ் வளையங்களும் தேய்ந்திருந்தன. முன்சில்லுகளின் மூக்குகள் ஒன்றையொன்று பார்ப்பதற்குப் பதிலாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

சாய்வைக் கூட்டுவதற்கு முன் அச்சைப் பிடிக்கும் கம்பிகளை இடம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு பக்கமும் மேலொன்று கீழொன்றாக இரண்டு கம்பிகள்; முனையில் மரை, அதைச் சுற்றினால் கம்பி நீளும் அல்லது குறையும். அவற்றைத் தாங்கும் தகடுகளைச் சட்டத்தில் புதிதாக ஒட்டவேண்டியிருந்தது. ஒட்டியவன் வலன்ரைன், குருநகர்ப் பெடியன், இருபத்தொன்பது வயது, கராஜில் வெல்டிங் முழுவதும் அவன் கை.

அளக்கும்போது காரில் ஓட்டுகிறவரின் பாரம் இருக்கவேண்டும் என்றார் நீக்கிலாஸ்.

"முதலாளி, அவ எத்தினை கிலோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ."

"ஏம்பா, பொம்பளைகிட்ட போய் அதைக் கேக்கச் சொல்றியா? முப்பத்திரண்டு வருசமா இந்த ஊர்ல மரியாதையோட இருக்கேன்."

காரைப் பார்க்க வந்திருந்த ஜிஸ்லேனே என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள். முதலாளி தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அறுபத்திரண்டு, சாப்பிட்ட பிறகு அறுபத்துமூன்று என்றாள்.

வலன்ரைன் தமிழ்க் கடைகள் இருக்கும் லாஷப்பலுக்குப் போய் இருபது கிலோ அரிசி மூட்டை மூன்றும் இரண்டு கிலோ பருப்பும் கொண்டுவந்து ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினான்.

"அண்ணை, அரிசிக்கு பெல்ற் போடட்டோ? பொலிஸ் கண்டால் எழுதிப்போடுவான்."

"பருப்பையும் சேர்த்துக் கட்டு. அதுதான் துள்ளும்."

மே 25 திங்கட்கிழமை மாலை நாலே காலுக்கு வேலை முடிந்தது. புஷ்கள் புதிது. சில்லுகளின் மூக்கு மூன்று மில்லிமீற்றர் உள்ளே. சாய்வு இரு பக்கமும் ஆறரை டிகிரி. கடைசியாக நீக்கிலாஸ் இடப் பக்கக் கீழ்க்கம்பியை ஒரு சுற்று வெளியே விட்டுப் பூட்டினார். அதோடு இடச்சில்லு ஏழு டிகிரி ஆனது. டிப்போவில் எந்தப் பஸ்ஸுக்கும் அந்த அரை டிகிரியை இடப் பக்கம் கூட்டாமல் அவர் எழும்பியதில்லை. கை தன்பாட்டில் செய்யும். கராஜில் ஒவ்வொரு காருக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் சாய்வுக்கு ஒரே ஒரு கட்டம்தான். 7 என்று எழுதிவிட்டுக் கை கழுவப் போனார்.

அவரிடம் இருந்தது மன்னாரில் எடுத்த சாரதிப் பத்திரம். அதை இங்கே மாற்றவில்லை. ஆகவே மறுநாள் முதலாளிதான் காரை வெளியே எடுத்தார். இருபது நிமிடத்தில் திரும்பினார். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தார்.

"ஆட்டம் போயிடுச்சு. தொண்ணூறுல கூட ஒரு நடுக்கம் இல்ல."

நீக்கிலாஸ் கார்க் கதவைத் திறந்துவிட வந்தார்.

"ஆனா வலது பக்கம் இழுக்குது. ரோடு கொஞ்சம் இழுக்கும், அது எனக்குத் தெரியும். இது அந்த இழுப்பு இல்ல. ஸ்டியரிங்கை ரெண்டு செகண்டு விட்டா நடைபாதை மேல ஏறி பாண் கடைக்குள்ள போய் நிக்கும். திரும்ப அள."

நீக்கிலாஸ் திரும்ப அளந்தார். இடம் ஏழு, வலம் ஆறரை. அவர் வைத்தது வைத்தபடியே இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு முதலாளி."

அவர் அப்படி நம்பித்தான் சொன்னார். முதலாளி நாடாவைப் பிடித்து வலன்ரைன் ஒட்டிய தகடுகளை அளந்தார். இரண்டு பக்கத்துக்கும் இடையே இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம். அவ்வளவு வித்தியாசத்தைக் கம்பியின் மரையே சரிக்கட்டிவிடும். ஆனாலும் முதலாளிக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

"வெல்டிங் கோணல். வெள்ளிக்கிழமை காலையில ரெண்டு தகட்டையும் வெட்டி எடு. மறுபடி ஒட்டணும்."

"முதலாளி, ரெண்டு மில்லியிலை கார் பாண் கடைக்குப் போகாது," என்றான் வலன்ரைன். முகத்தில் சிரிப்பில்லை. "வெட்டினால் பிறகு ஒரு கிழமை வேணும். அவவின்ரை தவணை போயிடும்."

"போகட்டும். கோணல் வண்டியை அனுப்ப மாட்டேன்."

வலன்ரைன் நீக்கிலாசைப் பார்த்தான். "அண்ணை, நான் நேராத்தான் ஒட்டினனான்." நீக்கிலாஸ் மறுபடி தகடுகளைப் பார்த்தார். தன் கணக்கு சரி என்றால் அவனுடைய வேலை பிழையாகத்தானே இருக்கவேண்டும்?

புதன்கிழமை, மே 27, மாலை ஆறரை மணிக்கு நீக்கிலாசும் மனைவி இம்மாகுலேற்றும் மீன் வாங்கப் புறப்பட்டார்கள். அவள் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ரூ பெர்தொனே என்ற தெருவில் ஐந்தாம் மாடியில் அவர்களுடைய அறை. கீழே இறங்கி ஃபோபூர் செயின்-தெனி வீதிக்கு வந்ததும் நீக்கிலாஸ் வலப் பக்கம் பார்த்தார். வண்டி எதுவும் வரவில்லை. காலை எடுத்து வைத்தார். பின்னாலிருந்து சட்டைக் கொலரில் ஓர் இழுவை. மூக்குக்கு முன்னால் ஒரு வான், ஹோர்ன் அடித்தபடி இடப் பக்கமிருந்து வந்து போனது.

"என்னப்பா, கண் எங்கை? மூண்டு வருசம் இருந்தும் இன்னும் வலப் பக்கத்தையே பாக்கிறியள்! நான் ஆறு மாசத்திலை பழகிட்டன். இஞ்சை இடப் பக்கத்தாலைதான் முதல் வாகனம் வரும்!"

நீக்கிலாஸ் நடைபாதை ஓரத்தில் அப்படியே நின்றார். வீதியின் நடுவைப் பார்த்தார். அது முதுகுபோல உயர்ந்து, ஓரத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குச் சரிந்து இறங்கியிருந்தது.

"இம்மா, இஞ்சை வலப் பக்கமல்லோ ஓடுறாங்கள்."

"ஐயோ மாதாவே. அதை இப்பதான் கண்டனியளோ?"

"இல்லையப்பா. றோட்டு வலப் பக்கமல்லோ சரியுது."

அவள் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மீன் வாங்கி வரும் வழியெல்லாம் அவர் அதைத்தான் விளக்கினார். ஊரில் மழைத்தண்ணீர் வடிய வீதியின் நடுவை உயர்த்திப் போடுவார்கள். வாகனம் இடப் பக்கம் ஓடுவதால் எப்போதும் இடப் பக்கச் சரிவில்தான் ஓடும். இடப் பக்கமே இறங்கப் பார்க்கும். அதற்கு எதிராக டிப்போவில் இடச்சில்லின் சாய்வைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். சாய்வு குறைந்த பக்கத்துக்கே வண்டி இழுக்கும் என்பதால் பஸ் வலத்துக்கு ஒரு சிறிய இழுவை வைத்துக்கொள்ளும். வீதி இடத்துக்கு இழுக்கும். இரண்டும் சேர்ந்து நேரே போகும். இங்கே வீதி வலத்துக்கு இழுக்கிறது. அவருடைய கையும் ஜிஸ்லேனின் காரை வலத்துக்கே இழுக்க வைத்திருக்கிறது.

"அப்ப வலன்ரைன்ரை வெல்டிங்?"

"வெல்டிங்கிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்ரை."

மறுநாள் வியாழன், ஆண்டவர் விண்ணேற்றத் திருநாள். பிரான்ஸ் முழுக்க விடுமுறை. பூசையில் எழும்பவேண்டிய இடத்தில் நீக்கிலாஸ் இருந்தார். இருக்கவேண்டிய இடத்தில் எழும்பினார். கராஜ் கதவின் இரண்டாவது திறப்பு அவருடைய சட்டைப்பையில் இருந்தது. காலையில் தரை கூட்டுவதற்காக முதலாளி கொடுத்தது. ஏழாம் இலக்க மெத்ரோவில் ஆறு நிறுத்தம். இடப் பக்கம் ஒரு சுற்று உள்ளே, வலப் பக்கம் ஒரு சுற்று வெளியே. பத்து நிமிட வேலை.

இம்மாகுலேற் மீனை வெட்டிக்கொண்டே அதையே சொன்னாள். "போய்த் திருப்பிப் பூட்டிப்போட்டு வாங்கோவன். ஆருக்குத் தெரியப் போகுது? நாளைக்கு இன்னொருக்கா ஓட்டிப் பாப்பம் முதலாளி எண்டு கேளுங்கோ. நேரா ஓடும். முடிஞ்சுது."

"ஓடும். பிறகு முதலாளி என்ன நினைப்பார்?"

"நல்லா ஓடுது எண்டு நினைப்பார்."

"இல்லை. வலன்ரைன்ரை கோணலை நான் மரையாலை சமாளிச்சுப் போட்டன் எண்டு நினைப்பார். எனக்கு முன்பக்கம் கிடைக்கும். அவனுக்குக் கோணல் வெல்டர் எண்ட பேர் நிக்கும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொன்னால் உங்களுக்கு விளக்குமாறுதானே?"

"ஓம்."

அவள் மீன் துண்டுகளை மஞ்சள் தண்ணீரில் போட்டாள். "அப்ப வெள்ளனப் படுங்கோ. அவன் எட்டு மணிக்கு வெட்டத் தொடங்கிடுவான்."

வெள்ளிக்கிழமை நீக்கிலாஸ் ஏழு நாற்பதுக்குக் கராஜுக்குப் போனார். வலன்ரைன் அதற்கு முன்பே வந்து, வெட்டும் மெஷினுக்குப் புதிய தட்டுப் பூட்டிக்கொண்டிருந்தான். முகம் இருண்டிருந்தது.

"நிப்பாட்டு. வெட்டாதை. உன்ரை வெல்டிங் நேர். நான்தான் பிழை விட்டனான்."

வலன்ரைன் மெஷினைக் கீழே வைக்காமலே கேட்டான். முழுவதையும் கேட்டு முடித்த பிறகு அதை வைத்துவிட்டு, ஒரு ரயரின் மேல் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ரெண்டு நாளா நித்திரை இல்லை எனக்கு! என்ரை கையிலை என்ன பிசகு எண்டு யோசிச்சு யோசிச்சு. அண்ணை, நாங்களெல்லாம் பாரிசுக்கு வந்திட்டம். நீங்கள் மட்டும் இன்னும் மன்னார்-மதவாச்சி றூட்டிலை ஓடுறியள்!"

எட்டு மணிக்கு வந்து எல்லாவற்றையும் கேட்ட முதலாளி சிரிக்கவில்லை. அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"இதுல ஏழுன்னு இருக்கு. வலது பக்கம் ஆறரைன்னு ஏன் எழுதலை?"

"ஒரு கட்டம்தான் இருந்தது முதலாளி."

"கட்டம் ஒண்ணுன்னா ஓரத்துல எழுது. அட்டையில இல்லாத வேலையை என் கராஜ்ல செய்யக் கூடாது. எழுதியிருந்தா அன்னைக்கே நான் கண்டுபிடிச்சிருப்பேன். இந்தப் பையன் மேல பழி போட்டிருக்க மாட்டேன்." அவர் வலன்ரைன் பக்கம் திரும்பினார். "உன்னைக் கோணல்னு சொன்னது என் தப்பு. மன்னிச்சுக்க."

முப்பத்திரண்டு வருட மரியாதையோடு அவர் அதைச் சொன்னார். வலன்ரைன் கூச்சத்தில் எழும்பி நின்றுவிட்டான்.

"அந்த அம்மா பன்னிரண்டு மணிக்கு வர்றா," என்றார் முதலாளி நீக்கிலாசிடம். "நீயே சொல்லு. நான் மொழிபெயர்க்க மாட்டேன்."

ஜிஸ்லேன் ஆம்புலன்ஸ் உடுப்போடு வந்தாள். நீக்கிலாசின் பிரெஞ்சு சந்தையில் தக்காளி வாங்கப் போதுமானது. அவர் சோக்குக்கட்டியால் நிலத்தில் ஒரு வீதி கீறினார், நடுவில் முதுகோடு. இடப் பக்கம் ஒரு பஸ், "என் நாடு". வலப் பக்கம் அவளுடைய கார், "உங்கள் நாடு". பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "நான் பிழை. வலன்ரைன் நல்லம்," என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

அவள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குந்தியிருந்து, தன் காரின் சில்லுக்கு ஒரு சிறு கோடு கீறி, எந்தப் பக்கம் எத்தனை சுற்று என்று விரலால் கேட்டாள். அவர் காட்டினார். அவள் உடுப்பின் கையை மடித்துக்கொண்டு மரை திருகும் சாவியை வாங்கிக் குழிக்குள் இறங்கினாள். ஆறு வருடம் தன் கையால் கட்டிய காரில் இதையும் தானே செய்யவேண்டும் என்று நினைத்தாளோ, அவருடைய தலைகுனிவைப் பார்க்க மனம் வராமல் இறங்கினாளோ தெரியாது. நீக்கிலாஸ் மேலே நின்று "இன்னும் கால் சுற்று, இன்னும் கொஞ்சம், சரி" என்று தமிழிலேயே சொன்னார். அவளுக்கு விளங்கியது. இடம் ஆறரை, வலம் ஏழு.

வெளியே எடுத்தபோது அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாள். கிடங்குகளைத் தாண்டி ஆளில்லாத நீளமான வீதி வந்ததும் எண்பதில் இரண்டு கையையும் ஸ்ரியறிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். நீக்கிலாஸ் அந்தோனியாரைக் கூப்பிட்டார். கார் நூல் பிடித்ததுபோலப் போனது. அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, ஒன்பதில் சந்தி வந்ததால் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 5 வெள்ளிக்கிழமை பரிசோதகர் பதினொன்று பத்துக்குக் காரை எடுத்துப் போனார். பதினொன்று முப்பத்திரண்டுக்குத் திரும்பினார். வாயிலில் நீக்கிலாசும் ஜிஸ்லேனும் நின்றார்கள். அவர் பின் இலக்கத் தகட்டின் விளக்கு மங்கல் என்றார். கண்ணாடி துடைப்பான் சத்தம் போடுகிறது என்றார். இரண்டையும் மாற்றும்படி சொல்லிவிட்டு, காரை ஏற்றுக்கொண்டதாக முத்திரை குத்தினார். ஸ்ரியறிங்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஜிஸ்லேனுக்கு அது மனவருத்தம். நீக்கிலாசுக்கோ அதைவிடப் பெரிய நற்சான்று இல்லை. முன்பக்கம் சரியாக இருந்தால் ஓட்டுகிறவருக்கு அது இருப்பதே தெரியாது.

பெந்தக்கோஸ்து திங்கள் கழிந்து, ஜூன் 9 செவ்வாய்க்கிழமை அவர் வழக்கம்போல விளக்குமாற்றை எடுத்தார். முதலாளி அதை வாங்கிச் சுவரில் சாய்த்தார். வாசலில் ஒரு பழைய வான் நின்றது.

"இதுக்கு முன்பக்கம் பார்க்கணும். நீ பாரு."

"முடிய வந்து ஒருக்காப் பாப்பியளோ முதலாளி?"

"எதுக்கு? தப்பு செஞ்சா நீயே வந்து சொல்லிடப் போறே." அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

அந்த மாதமே வேலைப் பத்திரத்தில் 'மெக்கானிக்' என்ற சொல் ஏறியது. அன்றிலிருந்து 1989 டிசம்பர் வரை நீக்கிலாஸ் 214 வாகனங்களுக்கு முன்பக்கம் பார்த்திருக்கிறார். அவற்றில் ஹொட் ரொட் பதினொன்று, எல்லாம் ஜிஸ்லேன் சொல்லி வந்தவை. 1988 ஓகஸ்ட்டில் ஓர் இங்கிலாந்துக்காரன் தன் காரைக் கொண்டுவந்தபோது, அவர் சாவியைத் தொடமுன் கேட்ட கேள்வி: "எந்த றோட்டிலை ஓடப் போகுது?"

1988இலும் 1989இலும் விண்ணேற்றத் திருநாளன்று மூன்று பேரை அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ராதாகிருஷ்ணன் முழங்காலோடு ஐந்து மாடியும் ஏறி வந்தார், ஒவ்வொரு மாடியிலும் நின்று திட்டிக்கொண்டு. ஜிஸ்லேன் மீன்குழம்பின் உறைப்புக்குக் கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கினாள். சாப்பாட்டுக்கு முன் நீக்கிலாஸ் எழும்பி நின்று நன்றி சொல்லத் தொடங்குவார். கொலரைப் பிடித்து இழுத்த இம்மாகுலேற்றுக்கு, மெஷினைக் கீழே வைத்த வலன்ரைனுக்கு, கேள்வி கேட்டும் சாவியைப் பறிக்காத முதலாளிக்கு, குழிக்குள் இறங்கிய ஜிஸ்லேனுக்கு என்று மனதில் வரிசை சரியாகத்தான் இருக்கும். இரண்டு வருடமும் முதல் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, மிச்சத்தை எழுதித் தாங்கோ," என்றான் வலன்ரைன். "சோறு ஆறுது."

எல்லோரும் சிரித்தார்கள். இம்மாகுலேற் அவரை இருக்கவைத்து, முதல் அகப்பைச் சோற்றை அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள்.